எண்ணூர் மீன் என் குழந்தையைப் பாதிக்குமா, டாக்டர்?

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். எழுதியவருக்கு 27 வயது, நான்கு மாதக் கர்ப்பிணி. ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். கணவர் கழிமுகத்திலும் கொசஸ்தலையாற்றிலும் வீச்சு வலை போடுகிறார். அந்த மீனை மாமியார் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன் இவர் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். சென்னை ஆறுகளின் சேற்றில் பாதரசமும் ஈயமும் காட்மியமும் வரம்பைத் தாண்டி இருப்பதாகச் சொல்லும் வீடியோ அது. கூடவே ஜப்பானின் மினமாட்டாவில் கைகால் முறுக்கிக்கொண்டு பிறந்த குழந்தைகளின் படங்கள். அன்றிலிருந்து இவர் மீனைத் தொடவில்லை. சோறும் ரசமும், சில நாள் முட்டை, பல நாள் டீயும் பன்னும். நாத்தனார் "எதுக்கு ரிஸ்க், கலைச்சிடு" என்கிறார். கணவருக்குக் கோபம்: "நம்ம மீனை நாமே சாப்பிடலைன்னா எவன் வாங்குவான்?" இதற்கிடையில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு நிறுவனத்துக்குத் தலைமுடியை அனுப்பிச் சோதித்திருக்கிறார். ஏழெட்டு உலோகங்களுக்குச் சிவப்பு மை அடித்து ஒரு அறிக்கையும், மூன்று மாதம் சாப்பிட வேண்டிய ‘நச்சு நீக்கும்’ பொடிக்கு ஒரு விலைப்பட்டியலும் வந்திருக்கின்றன. மகனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்ததாம். பள்ளியில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் சொல்கிறாராம். "அப்பாவிடம்தான் ஒட்டுதல். வலைக்கு ஈயம் உருக்கும்போதுகூடப் பக்கத்திலேயே நிற்பான்" என்றும் எழுதியிருக்கிறார்.

கருவை வைத்துக்கொள்ளலாமா, மீன் சாப்பிடலாமா, அந்தப் பொடியை வாங்கலாமா, ஆற்றைக் கெடுத்தவர்கள்மேல் வழக்குப் போட முடியுமா என்பவை இவருடைய கேள்விகள்.

சகோதரி,

முதலில் கருவைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றவை காத்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கருவைக் கலைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கழிமுக மீன் சாப்பிட்டார் என்பதற்காக எந்த மகப்பேறு மருத்துவரும் அப்படிச் சொல்ல மாட்டார். நம் சட்டம் குறிப்பிட்ட காரணங்களின் பேரில் 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கருக்கலைப்பை அனுமதிக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் அது நடக்க முடியாது. நாத்தனாரோ மாமியாரோ கணவரோ வற்புறுத்தி நடத்த முடியாது. இந்தக் குழந்தை வேண்டும் என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனை மட்டும் தவறவிடாதீர்கள். உலோகங்களின் பாதிப்பு அந்த ஸ்கேனில் தெரியாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அது எதற்காக எடுக்கப்படுகிறதோ அதற்காகத்தான் உங்களுக்கும்.

மினமாட்டா வேறு, எண்ணூர் வேறு

அந்தப் படங்கள் உண்மையானவை. ஆனால் அங்கே நடந்தது என்ன என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மினமாட்டாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அந்த வேலையில் உண்டான மெத்தில் பாதரசத்தை, உயிர்களின் உடலில் சுலபமாக ஏறக்கூடிய வடிவத்திலேயே, விரிகுடாவில் கொட்டியது. 1956இல் நோய் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகும் 12 ஆண்டுகள் கழிவு நிற்கவில்லை. அங்கே பிடித்த மீனிலும் சிப்பியிலும் இருந்த பாதரசம், இன்று உணவுக்கு அனுமதிக்கப்படும் அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல். மக்கள் மூன்று வேளையும் அதையே சாப்பிட்டார்கள். தாய்க்கு அறிகுறி லேசாக இருந்தும் வயிற்றில் இருந்த குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டது அங்கேதான் உலகத்துக்குப் புரிந்தது. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அளவுதான் வேறு.

எண்ணூரின் கதை இன்னொன்று. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாய்கள் வருடக்கணக்காக ஒழுகிச் சாம்பல் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. உங்கள் கணவர் கால் புதைத்து நிற்கும் சாம்பல் நிறச் சேறு அதுதான். மணலியிலிருந்து தொழிற்சாலைக் கழிவு வருகிறது, நகரத்தின் சாக்கடை வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் நாசமாக்கியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரியில் பாதரசம் மிகச் சிறிதளவு இருக்கிறது. எரிக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். சாம்பலோடு தங்குபவற்றில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், காட்மியம் போன்றவற்றுக்குத்தான் கூடுதல் இடம். ஆகவே வீடியோவில் பெரிய எழுத்தில் வந்த பாதரசம் உங்கள் ஊரில் முதல் எதிரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்காகப் பாதரசத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. சாக்கடை கலந்து பிராணவாயு இல்லாமல் கறுத்துப்போன சேற்றில் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவது அவைதான். அதைப் புழு தின்னும், புழுவைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். நகரத்து ஆறுகள் எல்லாமே இதற்கு வசதியான இடங்கள். கூவமும் அடையாறும்கூட.

அந்த வீடியோ சொன்ன எண்கள் சேற்றைச் சோதித்து வந்தவை. சேற்றில் இருக்கும் எல்லாம் மீனின் சதைக்குள் போவதில்லை. மீனில் இருக்கும் எல்லாம் உங்கள் ரத்தத்துக்குள் போவதில்லை. எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் ஈயம் உண்டு. சேற்றில் வரம்பு தாண்டினால் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அர்த்தம். உங்கள் குழந்தை பாதிக்கப்பட்டுவிட்டது என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது.

இந்தச் சேற்றில் நின்று வேலை செய்தால் தோல் வழியாக உலோகம் ஏறிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோல் வழியாக ஏறுவது மிகக் குறைவு. அரிப்பும் புண்ணும் வரும், அது வேறு விஷயம். சேறு பட்ட கையோடு பீடி பிடிப்பதும் சாப்பிடுவதும்தான் உலோகம் உள்ளே போகிற வழி. கணவர் கரைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவினாலே அதைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம்.

எந்த மீன், எவ்வளவு

மீனை முழுக்க நிறுத்தியது தவறான முடிவு என்றுதான் சொல்வேன். அதற்குப் பதிலாக நீங்கள் சாப்பிட்டது டீயும் பன்னும் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்வேன். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு வேண்டும், அயோடின் வேண்டும், புரதம் வேண்டும். இவ்வளவையும் சேர்த்து மீன் விலைக்குக் கொடுக்கும் உணவு உங்கள் ஊரில் வேறு எது இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெத்தில் பாதரசம் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழுவின் அளவு. கருவிலிருக்கும் குழந்தையை மனதில் வைத்தே அதைக் குறித்தார்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த சுறாக்களில் கிலோவுக்குச் சராசரியாக 0.98 மில்லிகிராம் பாதரசம் இருந்தது. அதாவது 80 கிராம் சுறாவிலேயே உங்கள் வாரக் கணக்கு முடிந்துவிடும். அதே நிர்வாகம் சோதித்த மத்தி மீனில் இருந்தது கிலோவுக்கு 0.013 மில்லிகிராம்தான். அந்தக் கணக்குப்படி ஆறு கிலோ மத்தி சாப்பிட்டால்தான் 80 மைக்ரோகிராம் வரும். யாராலும் முடியாது. அவை வேறு கடல்களின் மீன்கள் என்பது உண்மைதான். ஆனால் மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழும் பெரிய மீனுக்கும், ஒன்றிரண்டு வருடம் வாழும் சின்ன மீனுக்கும் உள்ள இடைவெளி எந்தக் கடலிலும் இருக்கும்.

இப்போது நம் வீட்டு வழக்கம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது கடலோரத்தில் தலைமுறையாக இருக்கிறது. உங்கள் மாமியாரும் பிரசவம் முடிந்ததும் அடுப்பில் ஏற்றத் தயாராக இருப்பார். குட்டிச் சுறாவில் பாதரசம் பெரிய சுறாவைவிடக் குறைவு. இருந்தாலும் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் சுறா வேண்டாம் என்பது என் கருத்து. அதே மசாலாவில் கிழங்கான் புட்டு செய்யச் சொல்லுங்கள், ருசியும் மோசமாக இருக்காது. பெரிய வஞ்சிரம், பெரிய சூரை, மயில்கோலா ஆகியவற்றையும் இந்த மாதங்களில் தவிர்க்கலாம்.

கடலில் பிடித்த நெத்திலி, மத்தி, கவலை, கானாங்கத்தை, காரப்பொடி இவற்றில் எதையாவது வாரம் இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். கழிமுகத்தில் பிடித்ததில் மட்டி, ஆளி போன்ற சிப்பி வகைகள் இந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை, காட்மியமும் ஈயமும் அவற்றில்தான் சேரும். நண்டு என்றால் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியை எடுத்துப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் சாப்பிடலாம். இறாலில் தலையும் குடலும் போக வேண்டும். மடவைக்குச் செவுளும் குடலும் ஈரலும் போக வேண்டும், ஏனென்றால் ஈயமும் காட்மியமும் சதையைவிட அங்கேதான் தங்குகின்றன. பாதரசத்துக்கு இந்த வித்தை பலிக்காது. அது சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் தோலை உரித்தாலும், மஞ்சளில் ஊறவைத்தாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது. கருவாட்டில் தண்ணீர் போய்விடுவதால் அதே எடைக்கு உலோகம் கூடுதலாக இருக்கும், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

கணவரின் கோபத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. நான் சொல்வது கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் சின்னக் குழந்தைக்குமான தனிக் கவனம். மடவையும் இறாலும் வாங்கிப்போகும் பெரியவர்கள் எல்லாம் நாளைக்கே நோயாளி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சாம்பல் குழாய் உடைந்த நாட்களிலும் எண்ணெய் மிதக்கும் நாட்களிலும் பிடித்ததை விற்காமல் இருந்தால் உங்கள் கூடைமேல் இருக்கும் நம்பிக்கை நிற்கும்.

தண்ணீர் பற்றி: போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கொஞ்சம் ஏறவும் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் குடிநீர் வாரியத்தின் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் போதும்.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது

‘வலைக்கு ஈயம் உருக்கும்போதுகூடப் பக்கத்திலேயே நிற்பான்.’ உங்கள் கடிதம் முழுவதிலும் என்னைப் பயமுறுத்திய வரி இதுதான். நீங்கள் அதைப் பாசத்துக்கு உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

வீச்சு வலையின் ஓரத்தில் கட்டும் ஈயக் குண்டுகளை வீட்டுப் பின்புறத்தில் உருக்கி வார்ப்பது பல குப்பங்களில் நடக்கிறது. பழைய குண்டுகள் போதாதபோது பழைய பேட்டரித் தகடுகளையும் போட்டு உருக்குவார்கள். உங்கள் கணவர் எதை உருக்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பேட்டரி என்றால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அந்தத் தகட்டில் ஒட்டியிருப்பது தூளாக உதிரும் ஈய ஆக்சைடும் சல்பேட்டும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். புகையும் மேலே படியும் கசடும் நுண்ணிய தூளாகி மண்ணில், சுவரில், கொடியில் காயும் துணியில், பையனின் கையில் படியும். ஐந்து வயதுப் பையனின் கை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாய்க்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக ஈயத்தை உறிஞ்சும்.

கொலம்பியாவின் கார்த்தஹேனா கடற்கரையில் மீனவர் குடியிருப்புகளின் குழந்தைகளைச் சோதித்தபோது ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. காரணம் என்று பார்த்தால் வீட்டில் வலைக்கு ஈயம் உருக்கியது. ஆற்றைக் கெடுத்தது ஆலைகள்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் மடவை மீனின் வழியாக உங்கள் மகனுக்குள் போகக்கூடிய ஈயத்தைவிட, அந்த அடுப்பின் பக்கத்தில் நிற்பதால் போவது பல மடங்காக இருக்க வாய்ப்பு உண்டு. ஆற்றை நீங்களும் நானும் இந்த வருடத்தில் சரிசெய்துவிட முடியாது. அடுப்பை இன்றே அணைக்கலாம்.

இதைக் கணவரிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். அவர் அப்பாவும் அப்படித்தான் உருக்கியிருப்பார். வார்த்த குண்டுகளைக் கடையில் வாங்குவது கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். வலைக்கு எடை வேண்டும் என்றால் இரும்புச் சங்கிலி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எது முடியுமோ அதைச் செய்யட்டும், வீட்டில் உருக்குவது மட்டும் நிற்க வேண்டும். உருக்கிய சட்டி சமையலறைப் பக்கம் வரக் கூடாது. குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். அடுப்பு இருந்த இடத்தின் மேல்மண்ணை ஈரப்படுத்தி வழித்தெடுத்து, புதுமண்ணோ சிமெண்டோ போட்டு மூட வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது, பையனும் அருகில் இருக்கக் கூடாது. வீட்டுத் தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கூட்டினால் தூள் பறக்கும். வலையும் குண்டும் படுக்கும் அறையில் இருக்க வேண்டாம்.

கர்ப்பத்துக்கும் ஈயத்துக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. உடலுக்குள் போன ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது பழைய ஈயமும் சேர்ந்து ரத்தத்துக்கு வரும். சாப்பாட்டில் கால்சியமும் இரும்பும் குறைந்தால் குடலும் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். வாந்தி வருகிறது என்று சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்ப ஆரம்பியுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக ஏறாது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் மாற்றுமருந்துக்கு மிக அருகில் இருப்பது இலவசமாகக் கிடைக்கும் இந்த இரண்டு மாத்திரைகள்தான்.

எந்தச் சோதனை, எது வேண்டாம்

முதலில் அந்தப் பொடியை வாங்காதீர்கள். நச்சு நீக்கும் என்று விற்கும் எந்தப் பொடிக்கும் ஜூஸுக்கும் உடலிலிருந்து ஈயத்தையோ பாதரசத்தையோ எடுத்த ஆதாரம் இல்லை. சிலவற்றில் உலோகமே கலந்திருப்பதும் உண்டு. பாதரசமோ ஈயமோ சேர்த்துச் செய்யும் செந்தூரம், பற்பம் வகைகளையும் கர்ப்பத்தில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

முடியில் பார்த்த அறிக்கையை நம்பி எதுவும் செய்யாதீர்கள். மெத்தில் பாதரசத்துக்கு முடி நல்ல சாட்சி. மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் எந்த மாதம் எவ்வளவு ஏறியது என்றுகூட நல்ல ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் ஈயத்துக்கு முடியை வைத்து முடிவெடுக்க முடியாது. வெளியிலிருந்து படிந்த தூசியையும் உள்ளேயிருந்து வந்ததையும் பிரிக்க வழியில்லை. சோதித்தவரே மருந்தும் விற்கிறார் என்றால் மேற்கொண்டு நான் என்ன சொல்ல?

கையில் இருக்கும் பணத்தை ரத்த ஈயச் சோதனைக்குச் செலவழியுங்கள். முதலில் பையனுக்கு, அடுத்து உங்களுக்கு, முடிந்தால் கணவருக்கும். பெரிய ஆய்வகங்களில் ‘பிளட் லெட்’ என்று கேட்டால் தெரியும். விரல்நுனியில் குத்தாமல் நரம்பில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், விரலில் ஒட்டியிருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. இதைக் குழப்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈயத்துக்கு ‘இவ்வளவு வரை பயமில்லை’ என்று ஒரு அளவு கிடையாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு அந்த அளவோ அதற்கு மேலோ இருக்கிறது. ஆகவே உங்கள் பையனுக்கு 8 என்றோ 12 என்றோ வந்தால் இடிந்து போகாதீர்கள். உருக்குவதை நிறுத்தி, இரும்பும் கால்சியமும் கொடுத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

பாதரசச் சோதனை இப்போதைக்கு அவசியம் இல்லை. மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். நீங்கள் மீனை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது பார்த்தால் பழைய நிலவரமும் தெரியாது, செய்ய வேண்டியதும் மாறாது.

பையனின் பேச்சுத் தாமதத்துக்கும் துறுதுறுப்புக்கும் ஆறுதான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டியதுபோல, ஈயம்தான் காரணம் என்று நானும் முடிவு கட்ட மாட்டேன். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை, பூச்சி, தூக்கம், கண் எல்லாம் பார்க்க வேண்டும். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இவற்றை இலவசமாகப் பார்த்துப் பேச்சுப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஈய அளவு கூடுதலாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள். ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தால் மட்டுமே அதில் யோசிக்க வேண்டியிருக்கும்.

வழக்கும் இழப்பீடும்

சட்டம் என் துறை இல்லை. மருத்துவராகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் கேட்டால் உண்டான உடல் பாதிப்புக்கும் தொழில் நஷ்டத்துக்கும் அங்கே இழப்பீடு கேட்கலாம், காரணம் எழுந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் போக வேண்டும். சாம்பல் பிரச்சினையை எண்ணூர் மீனவர்கள் அங்கே ஏற்கெனவே கொண்டுபோய் உத்தரவுகளும் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் ஊர் பஞ்சாயத்தாரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைப்பார்.

ஆனால் ‘என் பையனுக்கு இப்படி ஆனது இந்த ஆலையால்’ என்று தனியாளாக நிரூபிப்பது கஷ்டம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் புழங்கிய அந்த ஆலையில் வேலை பார்த்த 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது 2016இல். அத்தனை வருடம். உங்கள் வீட்டில் ஈயம் உருக்கியது தெரியவந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். தொழில் நஷ்டத்துக்காகவும் ஆற்றைச் சுத்தம் செய்யவும் ஊராகச் சேர்ந்து கேட்பதில்தான் பலம் அதிகம். அதற்குக் காகிதம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, கழிமுகத்தின் தண்ணீரையும் சேற்றையும் மீனையும் எப்போது சோதித்தார்கள், என்ன வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்படி வரும் அறிக்கையில் மீன் சதையின் எண் எது, சேற்றின் எண் எது என்று பிரித்துப் படிக்க இப்போது உங்களுக்குத் தெரியும்.

ரத்தச் சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். பையனுக்கு ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டிருந்தாலோ தாண்டியிருந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடலிலிருந்து ஈயத்தை வெளியேற்றும் நிஜமான மருந்து தேவைப்படும் அளவு அது. அந்த மருந்தை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கே அறிக்கையோடு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டில் ஈயம் உருக்கினோம் என்பதை மறைக்காமல் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.